பேர் வெட்டிய குடம்

எங்கள் ஊரில் எது இடிந்து விழுந்தாலும் உடனே ஒரு நாடகம் போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக் கூரை சரிந்தால் நாடகம். ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை என்றால் நாடகம். நூலகத்துக்குப் பீரோ வேண்டுமென்றாலும் நாடகம்தான். அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் காரைக்குடியில் எங்கள் நாடக மன்றத்துக்கு நான்தான் இணைச் செயலாளர். அதாவது திரை எழுதுவது, தட்டி எழுதுவது, டிக்கெட் கட்டைத் தூக்கிக்கொண்டு செக்காலை ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குவது எல்லாம் என் தலையில். பிழைப்புக்கு ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். கையில் தூரிகை வைத்திருப்பவனுக்கு வேறு வேலையும் இருக்கும் என்று அந்த ஊரில் யாரும் நம்பியதில்லை.

நாடகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வங்கிக் குமாஸ்தா ராஜாவாக வருவார், வசனம் மறந்துபோனால் மீசையைத் தடவுவார். ராணி வேடத்துக்கு மதுரையிலிருந்து ஓர் அம்மா பஸ்ஸில் வந்து, முகத்தில் பூசியதைத் துடைத்தும் துடைக்காமலும் திரும்பிப் போவார். நாடகத்தைவிட நீளமானது அதன் நடுவில் வரும் மரியாதை. நன்கொடை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக மேடையேறித் துண்டு வாங்கி இறங்குவதற்குள் ராஜாவுக்குப் பசி வந்துவிடும். இதையெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறையாவது நான் பார்த்தாக வேண்டியிருந்தது. ஏன் விடவில்லை என்று என் மனைவி கேட்பாள். விடுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

அப்படி இருக்கையில் ஒரு மார்கழியில் கடற்கரைப் பக்கம் புயல் அடித்தது. தொண்டிக்குத் தெற்கே குப்பம் குப்பமாகக் குடிசைகள் போயின. வள்ளங்கள் போயின. எங்கள் ஊர்க்காரர்கள் உண்மையாகவே கலங்கிப் போனார்கள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த வாரமே மன்றத்தின் கூட்டம் கூடியது. எங்கள் தலைவர் மர வாடி வைத்திருந்தவர், நல்ல மனுஷர், குரல்தான் கொஞ்சம் பெரிது.

"ரூவாயாக் குடுத்தா கரைஞ்சு போயிரும். காலத்துக்கும் நிக்கிற மாதிரி என்னத்தையாச்சும் குடுக்கணும்" என்றார்.

குடும்பத்துக்கு ஒரு பித்தளைக் குடம் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு பெரிய வீடு பொறுப்பு. அப்போதுதான் பேர் வெட்டும் பேச்சு வந்தது.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் ஒரு கரண்டிகூடப் பேர் வெட்டாமல் உள்ளே போகாது. வீட்டுக்காரரின் தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகக் கோத்து வைத்திருப்பார்கள். அதற்கு விலாசம் என்று பெயர். கல்யாணத்துக்குக் கல்யாணம் பாத்திரங்கள் வீடு மாறிப் போய்வரும். விலாசத்தைப் பார்த்துத்தான் அவரவர் பாத்திரம் அவரவர் அறைக்குத் திரும்பும். ஆகவே குடம் என்று ஒன்று வாங்கினால் அதன் கழுத்தில் விலாசம் வெட்டுவது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோல. கொடுக்கிற குடமாயிற்றே, அதில் எதற்கு என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. பேர் வேண்டாமே என்றேன். எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். அப்படியானால் விலாசத்துக்குப் பக்கத்தில் 'அன்பளிப்பு' என்றாவது சேர்க்கலாம் என்றேன். பேர் வெட்டுகிறவர் குடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கழுத்தில் இடம் காணாது என்றார்.

"பேரு இருந்தாப் போதும் சார். குடுத்தது யாருன்னு தெரிஞ்சிருமில்ல" என்றார் தலைவர்.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பேர் வெட்டி முடிக்கையில் பங்குனி வெயில் வந்துவிட்டது. அதுவரை குப்பத்துப் பெண்கள் எதில் தண்ணீர் எடுத்தார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

குடம் கொடுத்ததும் ஒரு நாடகத்தின் நடுவில்தான். அன்று அவர்களை லாரியில் கூட்டி வந்து மேடையின் ஓரத்தில் வரிசையாக உட்கார வைத்தோம். ஒவ்வொருத்தியும் எழுந்து வந்து குடத்தை வாங்கி, கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் பலரும் திண்டாடினார்கள். முன்வரிசையில் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் எனக்கு அன்று ரொம்ப அலுப்பாக இருந்தது.

அடுத்த ஆண்டு ஐப்பசியில், பள்ளியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, செக்காலையில் உள்ள ஓர் அடகுக்கடையின் கணக்கப்பிள்ளை வந்து வாசலில் நின்றார்.

"சார், ஒரு பொம்பளை கொடத்தைக் கொண்டாந்திருக்கு. பெரிய வீட்டு விலாசம் போட்டிருக்கு. எங்கிட்டுக் கெடைச்சதுன்னு கேட்டா, நாடகத்துல குடுத்தாகங்குது. முதலாளி உங்களைக் கூட்டியாரச் சொன்னாரு."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். கடைப்படியின் ஓரத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், காதில் ஒன்றும் கிடையாது. முந்தானையில் ஒரு துண்டுச் சீட்டை முடிந்து வைத்திருந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம், பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, வலி எடுத்து ரொம்ப நேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியே வாங்கி வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருமகன் கடலில். கையில் இருந்தது குடம் ஒன்றுதான். கடை திறந்த நேரத்தில் வந்தவர் நான் போகும்வரை அங்கேயேதான் இருந்தார்.

"அய்யா, நீங்கதானே அன்னைக்கி எங்களை லாரியில ஏத்தி விட்டீக. இவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. எம்மக தனியாக் கெடக்கா" என்றார்.

சொன்னேன். மன்றம் கொடுத்த குடம்தான், நானே பக்கத்தில் இருந்தேன் என்றேன். கடைக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொன்னா அதுக்கு மேல என்ன இருக்கு சார். ஆனா விலாசத்தைப் பாத்துக் கண்டனூர் வீட்டுக்கு ஆள் விட்டோம். அந்த வீட்டு வாச்சுமேன் இந்தா இருக்காரு. அவரு எங்க வீட்டுப் பாத்திரந்தாங்கிறாரே."

வாச்சுமேனைக் குறை சொல்ல முடியாது. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாமான்களுக்கு அவர்தான் காவல். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த விலாசம். அந்த எழுத்து இருந்தால் அது அந்த வீட்டுப் பொருள்.

"வீட்டுல கல்யாணம். ஆச்சி மெட்ராஸ்லேருந்து வந்திருக்காக. சொல்லிட்டு வந்திருக்கேன், இங்குட்டுத்தான் வாராக" என்றார்.

மருந்துக்கு நான் பணம் தருகிறேன், அவரை விடுங்கள் என்றேன். ஆச்சி வந்து பார்க்கட்டும், பிறகு உங்களுக்குத்தான் சங்கடம் என்றார் கடைக்காரர். சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். மாதக் கடைசி, பஸ்ஸுக்குத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அதைக் காட்டுகிற தெம்பு வரவில்லை. அந்த அம்மாள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தார். மணி பார்க்கத் தெரியுமோ என்னவோ.

அந்த வீட்டு ஆச்சி காரில் வந்து இறங்கினார். குடத்தைக் கையில் வாங்கி, கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"நாங்க குடுத்ததுதான். எங்க வீட்டு விலாசம்தான். இவளை எதுக்கு உக்கார வச்சிருக்கீக?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

அப்பாடா என்று நான் எழுந்தேன். ஆனால் ஆச்சி அந்த அம்மாளின் பக்கம் திரும்பினார். முகம் வாடியிருந்தது.

"ஏத்தா, குடுத்ததைக் கொண்டாந்து விக்கலாமா? பொண்ணுக்குச் சீரு வைக்கிற மாதிரி நெனைச்சுல்ல குடுத்தோம்."

"விக்கலை ஆச்சி. அடகுதான். மீட்டுருவேன்."

"எங்க வீட்டு விலாசம் அடகுக்கடையில இருந்தா நாலு பேரு என்ன பேசுவாக?"

அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சீட்டை நீட்டினார். ஆச்சி கோபக்காரர் இல்லை. மகள் கிடக்கிற நிலைமையைக் கேட்டதும் கண் கலங்கினார். பையைத் திறந்து, அந்தக் குடத்துக்குக் கடைக்காரர் தந்திருக்கக் கூடியதைவிட அதிகமாகவே எடுத்துக் கையில் வைத்தார். பிறகு வாச்சுமேனிடம் குடத்தைக் கொடுத்து, "நம்ம வீட்டுலயே இருக்கட்டும். வேணுங்கிறப்ப வந்து எடுத்துக்கட்டும்" என்றார். கண்டனூர் எங்கே, அவருடைய குப்பம் எங்கே. ஆனால் நல்ல மனதோடுதான் சொன்னார். கார் போன பிறகு கடைக்காரர் எங்களுக்குக் கலர் சோடா வரவழைத்தார். நாங்கள் குடிக்கவில்லை.

மருந்துக்கடையில் ஊசியை வாங்கிக்கொண்டு ரிக்ஷாவில் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் ஓடினார். அவருடைய துணிப்பையை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

பிள்ளை பிறந்திருந்தது. பெண் குழந்தை. பக்கத்துக் கட்டில் பெண்ணின் புருஷன் யாரோ, சீட்டை இன்னொரு முறை எழுதி வாங்கிப் போய் மருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம். நர்ஸ் சொன்னாள். தாயும் பிள்ளையும் சேமம். ஆனால் மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அம்மாவின் குரலைக் கேட்டும் திரும்பவில்லை.

"எங்கிட்டுப் போன இம்புட்டு நேரம்? செத்துருவேன்னு நெனைச்சேன். ஒன்னைக் கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்டை வத்திப் போச்சு" என்றாள்.

வாசல் பக்கம் நான் நின்றிருந்தேன். இப்போது சொல்லிவிடுவார், எல்லாவற்றையும் கொட்டிவிடுவார் என்று காத்திருந்தேன். சொன்னால் எனக்கும் கொஞ்சம் பாரம் குறையும்போல இருந்தது. அந்த அம்மாள் மகளின் தலைமயிரைக் கோதிவிட்டார்.

"பஸ்ஸு கெடைக்கலடி" என்றார்.

உள்ளூரில் மருந்து வாங்கி வர எதற்குப் பஸ் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. ஊர் தெரியாத பெண். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இது யாரு?"

அந்த அம்மாளும் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து என்னை அவர் அப்படி நேராகப் பார்க்கவில்லை. வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வையில் இருந்தது.

"பஸ்ஸுல கூட வந்தவுக. பையைத் தூக்கியாந்து குடுத்தாக."

பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

"ஆமா தாயி. பஸ்ஸு ரொம்ப லேட்டு" என்றேன்.

அந்தப் பெண் படுத்தபடியே எனக்குக் கும்பிடு போட்டாள்.