முத்தையாவின் மூச்சு

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்காவுக்கு முந்தின வருஷம். காஜா பேராங்கில் குடியிருந்தோம். துறைமுகத்தில் அரிசி மூட்டையை ஒரே மூச்சில் தூக்கிப் போடுகிறவன் நான்; அந்தத் தலைக்கனம் உண்டு.

நிறைமாத மனைவிக்கு இரத்தம் போனது. "ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க!" என்றாள் மருத்துவச்சி. மூன்று சக்கரப் பெச்சா மிதிக்கும் முத்தையாவைக் கூப்பிட்டேன். என்னைவிட ஒரு வயது இளையவன், நோஞ்சான்.

மனைவியை உட்காரவைத்ததும், "நீ மிதிச்சா வெளங்கின மாதிரிதான், எறங்குடா!" என்று நானே ஏறி மிதித்தேன். வண்டி பறந்தது. முத்தையா பக்கத்திலேயே ஓடி வந்தான். பாதி வழிகூடத் தாண்டவில்லை, தொடை நெருப்பாய் எரிந்தது, கால் நின்றேபோனது. மனைவி முனகினாள்.

"மூட்டை தூக்க ஒரு நிமிஷ வேகம் போதும்ணே. இதுக்கு மூச்ச மிச்சம் புடிக்கணும். நவுருங்க."

அவ்வளவு ஓடியும் அவனுக்கு மூச்சு வாங்கவில்லை! "பயப்படாதீங்க அண்ணி, வந்துட்டோம்" என்று பேசிக்கொண்டே, ஒரே சீராக மிதித்துப் போய்விட்டான்.

நான் தள்ளாடிப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே குழந்தை அழுதது. மனைவியும் பிழைத்துக்கொண்டாள். முத்தையா வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

இருவரும் தின்றது ஒரே சோறுதான். என் உடம்பு அதைக் குப்பென்று எரித்துத் தீர்த்தது. அவன் உடம்பு சிறுகச் சிறுக எரித்தது. எண்பது தாண்டியும் அந்த ஆச்சரியம் எனக்குத் தீரவில்லை.