சி டிரைவைத் தின்றது யார்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனை யாரும் நல்ல சேதி சொல்லக் கூப்பிடுவதில்லை. 'டிஸ்க்கில் இடமில்லை' என்ற அறிவிப்பைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கூட்டிப் பெருக்கியது

மைசூரு விஜயநகரில் ஒரு பள்ளி. பத்தாம் வகுப்பு ஆசிரியை ஸ்டெல்லா மதிப்பெண் ஏற்றும் அலுவலகக் கம்ப்யூட்டரில் சி டிரைவ் நிரம்பிச் சிவந்து கிடந்தது. தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தேன். இருபது ஜிபி கிடைத்தது. அடுத்த இடத்திலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்ததால் கிளம்பிவிட்டேன். வாசல்வரை வந்த ஸ்டெல்லா சொன்னார்: "குப்பையைக் கூட்டிட்டீங்க அண்ணா. போடுறது யாருன்னு பாக்கலியே?"

போனில் வைத்தியம்

பத்தே நாளில் மறுபடி சிவப்பு. நான் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் மாட்டியிருந்தேன். தேவையில்லாததை அழியுங்கள் என்று ஸ்டெல்லாவிடம் போனிலேயே சொன்னேன். எதை அழித்தீர்கள் என்று மாலையில் கேட்டபோது, ஆறு வருட வினாத்தாள்கள் என்றார். ஏன் என்றேன். "மிஷினோட ஃபைல் எது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. என்னோடது எதுன்னு தெரியும்."

பாதித் திரை

அந்த வாரமே ஒரு மதியம் அழைப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் நான்கு மணிக்குள் தேர்வு வாரியத்துக்குப் போக வேண்டும். தட்டச்சு செய்தாகிவிட்டது, சேமிக்க இடமில்லை. விடைத்தாள்களைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மதிப்பெண்கள் இருந்த ஒரே இடம் அந்தத் திரை. பென் டிரைவ் செருகும் வழியைப் பள்ளி அடைத்திருந்தது. நான் உட்கார்ந்ததும் கரன்ட் போனது. பழைய யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடுமே என்றார் கிளார்க். எல்லோருக்கும் அதையே சொல்லும் நான், யாரும் தொடாதீர்கள் என்றேன்.

போனில் படம் பிடிக்க அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டெல்லா நோட்டை எடுத்துத் திரையைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். எனக்கும் அதே திரைதான் வேண்டும். பாதியில் அவர் மதிப்பெண்கள், பாதியில் என் தேடல். மூன்றாவது நிமிடம் அகப்பட்டது, தொண்ணூறு ஜிபிக்கு ஒரே கோப்பு. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காகப் போன மாதம் கழற்றிய விரல்ரேகை வருகைப்பதிவு மிஷினை, அதன் மென்பொருள் நொடிக்கு நொடி தேடி, 'காணவில்லை' என்று ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்திருந்தது. மென்பொருளை நிறுத்தினேன், கோப்பை அழித்தேன், சேமித்தேன். சற்றைக்கெல்லாம் யுபிஎஸ் ஓய்ந்து திரை கறுத்தது.

கரன்ட் மூன்றரைக்கு வந்தது. முப்பத்தெட்டும் பத்திரமாக இருந்தன, ஏற்றியும் முடித்தார். அதன் பிறகும் எழுந்திருக்காமல், நோட்டில் விடுபட்ட ஏழு பேரை எழுதத் தொடங்கினார். அதுதான் சேமித்தாயிற்றே என்றேன். "ஆச்சு அண்ணா, நம்புறேன். ஸ்வல்ப நேரம் இருங்க, முடிச்சுடறேன்."

இப்போதெல்லாம் எங்கே போனாலும் டிஸ்க்கைப் பார்ப்பதற்கு முன், சமீபத்தில் சுவரிலிருந்து எதைக் கழற்றினீர்கள் என்றுதான் கேட்கிறேன்.