அம்மாவின் வெளியூர்த் தீபாவளிகள்

எங்கம்மா வசந்தாமணி ஏழு தீபாவளிகளை ஏழு ஊர்களில் கொண்டாடினாள். இதைச் சொன்னால், யாரோ வசதியான வீட்டுப் பெண்மணி சூட்கேஸும் கேமராவுமாக ஊர் சுற்றினாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவள் சோமனூரில் நான்கு விசைத்தறி ஓட்டியவள். சூட்கேஸ் கிடையாது, ஒரு ஒயர்கூடை உண்டு. அதில் ஒரு தூக்குப்போசி நிறைய முறுக்கு, ஒரு பாட்டில் நல்லெண்ணெய், எங்கள் இரண்டு பேருக்கும் மாற்றுத்துணி. ஊர் பார்க்கும் ஆசையில் அவள் கிளம்பவில்லை, கோபத்தில் கிளம்பினாள். அந்தக் கோபம் நியாயமானது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுநிலையாகச் சொல்ல எனக்கு வராது.

அப்பா மஞ்சள்காமாலையில் போனது 1991 ஆடியில். எனக்கு அப்போது பதினான்கு வயது. அந்த வருடம் எங்கள் வீட்டில் யாருக்கும் தீபாவளி இல்லை, அது முறை. அடுத்த வருடம் இருந்தது. பெரியப்பா சுப்பையனும் பெரியம்மாவும் முன்வீட்டில், நாங்கள் பின்வீட்டில், நடுவில் தறிக்குடோன். சமையல் தனித்தனி, நோம்பி என்று நாங்கள் சொல்லும் பண்டிகை மட்டும் ஒன்றாக. அந்த வருடம் பெரியப்பா மகளுக்குத் தலைத் தீபாவளி. புது மாப்பிள்ளை வருகிறார் என்று அம்மாவும்தான் இரண்டு நாளாக முறுக்கு சுட்டாள். அடுப்புச் சூட்டில் முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் கடைசி ஈடு எண்ணெயில் கிடந்தபோது பெரியம்மா வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நாளைக்கு விடியக்காலம் மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்கும் நேரத்தில் அம்மா தறிக்குடோனுக்குள் இருந்துகொண்டால் நல்லது என்றாள். பலகாரம் அங்கேயே வந்துவிடுமாம். தாலியறுத்தவள் முகத்தில் புது மாப்பிள்ளை விழிக்கக் கூடாதாம். பெரியம்மா கெட்டவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவோடு சேர்ந்து கண்விழிப்பவள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மா அந்த ஈட்டைக் கருகவிடாமல் எடுத்தாள். அடுப்பை அணைத்தாள். சுட்டதில் ஒரு போசி முறுக்கை எடுத்துக் கூடையில் வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, எங்கே கிளம்பிவிட்டாய் என்று பெரியம்மா கேட்டாள்.

"நோம்பி கும்பிடப் போறேனுங்க்கா. இங்க எனக்கு இல்லீன்னு சொல்லிப்போட்டீங்க. எங்க இருக்குதுன்னு பாத்துட்டு வாரேன்."

கோயம்புத்தூர் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஊருக்கு வருகிற பஸ்ஸெல்லாம் பிதுங்கிக்கொண்டு வந்தன. வெளியே போகிற பஸ்கள் காலியாக இருந்தன. ஏன் மைசூர் பஸ்ஸில் ஏறினோம் என்றால், அது முதலில் கிளம்பியது, அவ்வளவுதான். திம்பம் மலை ஏறும்போது நான் வாந்தி எடுத்தேன். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே, இனி எந்த வருசமும் அந்தத் தறிக்குடோனுக்குள் உட்கார மாட்டேன் என்று சொன்னாள். என்னிடம்தான் சொன்னாளா, அப்பாவிடம் சொன்னாளா தெரியவில்லை.

மைசூரில் பொழுதிறங்கும் நேரத்தில் ஒரு சத்திரத்தில் இடம் கிடைத்தது. சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் வெந்நீர் அண்டாவைப் பளபளவென்று தேய்த்து, கழுத்தில் பூச்சுற்றி, தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். அங்கே அப்படி அண்டா நிரப்புவதே முந்தின நாள் நோம்பியாம். அவள் அம்மாவின் வெள்ளைச் சீலையைப் பார்த்தாள், வெறும் நெற்றியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு குடத்தை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். பெரிய மனசில் கொடுத்தாளா, கைக்கு ஆள் போதாமல் கொடுத்தாளா, எங்களுக்குக் கன்னடம் தெரியாததால் கேட்கவும் முடியவில்லை. அம்மா எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் விடியக்காலம் எனக்கு எண்ணெய் வைத்தாள், தனக்கும் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது வெள்ளைச் சீலை கூடைக்குள் இருந்தது. அம்மா கிளிப்பச்சைச் சீலையில் சோமனூரில் இறங்கினாள்.

அடுத்த வருடம் திருச்சூர். இதில் எங்கள் முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். விடியக்காலம் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பட்டாசு விடாத ஊர் ஒன்று இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தோன்றவே தோன்றாது. நாலரை மணிக்கு லாட்ஜில் வெந்நீர் கேட்டபோது, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்கள். குளித்துப் புதுத்துணி உடுத்தி வெளியே வந்தால் தெருவில் ஒரு வெடிச்சத்தம் இல்லை. பால்காரர் சைக்கிளில் போனார். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்து, கல்யாணத்துக்கு வந்தீர்களா என்று விசாரித்தார். எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஊர் கொண்டாடாவிட்டால் நாம் கொண்டாடுவோம் என்று கொண்டுபோன லட்சுமி வெடிக் கட்டைப் பிரித்து லாட்ஜ் முற்றத்தில் வைத்தாள். மேனேஜர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கடைசியில் அவரும் நாலு முறுக்கு சாப்பிட்டார்.

பிறகு மதுரை. அதற்கடுத்த வருடம் தறியில் ஒரு அவசர ஆர்டர் இருந்ததால் தூரம் போக முடியாமல், கோயம்புத்தூரில் சேட்டு வீடுகள் இருக்கும் தெருவுக்குப் போனோம். அவர்களுக்குத் தீபாவளி மறுநாள் சாயங்காலம். விளக்கு வரிசை, இனிப்புத் தட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாழ்த்து. நூல் வியாபாரத்தில் பழக்கமான ஒரு வீட்டில் எங்களையும் உட்காரவைத்துத் தட்டு நீட்டினார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா கணக்குச் சொன்னாள். நம் வீட்டில் ஒரு தீபாவளியை ஒளித்துவைத்தார்கள், வெளியே வந்தால் ஒரே வருசத்தில் இரண்டு கிடைக்கிறது என்றாள். அப்புறம் பெங்களூர், அப்புறம் திருச்செந்தூர். ஒவ்வொரு ஊரிலிருந்தும் பெரியம்மாவுக்கு ஒரு பொட்டலம் இனிப்பு வாங்கிவருவாள். பெரியம்மா சாப்பிடுவாள், ஆனால் எந்த ஊர் என்று கேட்கமாட்டாள்.

ஊர் மட்டும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டது. தாலியறுத்தவளுக்கு எதற்கு இந்த ஊர்சுற்றல், பொம்பளைப் பிள்ளையையும் கெடுக்கிறாள், அங்கெல்லாம் யாரைப் பார்க்கப் போகிறாளோ. பெரியப்பா ஒருநாள் தறிக்குடோன் வாசலில் நின்று, நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்றார். பேசுகிற நாலு பேரில் ஒருத்தராவது என்னை அவர் வீட்டு நோம்பிக்குக் கூப்பிட்டால் நான் பஸ் ஏறமாட்டேன் என்று அம்மா பதில் சொன்னாள். தறிச்சத்தத்தில் அவர் காதில் விழாமல் போய்விடக் கூடாதென்று தறியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தாள், அதுவும் எனக்காக. 1998 ஆவணியில் பல்லடத்து சுரேந்தருக்கும் எனக்கும் கல்யாணம். அவர் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் கொண்டுபோகும் வேன் வைத்திருந்தார். நல்லவர். ஆனால் அவர் அம்மா சொன்னால் குடையை மடக்கிவிட்டு மழையில் நிற்கக்கூடியவர். சீர்ச் சடங்கெல்லாம் பெரியப்பாவும் பெரியம்மாவும் செய்வதென்றால்தான் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து பேச்சு வந்தது. அம்மா சரி என்றுவிட்டாள். எனக்கு நடந்த ஒரு சீரிலும் அவள் கை படவில்லை. மேடையிலிருந்து பார்த்தால் பந்திக்குப் போகிற வழியில் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். அம்மா, இங்கே வா என்று நான் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். பயந்துகொண்டு கூப்பிடவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புரட்டாசி பாதியிலேயே தலைத் தீபாவளிப் பேச்சு வந்தது. முன்வீட்டில்தான் நடக்கும், மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைப்பது பெரியம்மாதான், வசந்தா பின்வீட்டில் இருந்துகொள்ளட்டும் என்று பெரியப்பா முடிவுசெய்திருந்தார். அம்மா வெற்றிலை பாக்கு பழத்தோடு தன்னந்தனியாகப் பல்லடம் வந்து எங்களை அழைத்தாள். சோமனூருக்கு இல்லை, பவானிக்கு. கூடுதுறைப் பக்கம் சத்திரத்தில் அறை சொல்லியாகிவிட்டது என்றும், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தன் கையால்தான் எண்ணெய் வைக்கப் போவதாகவும் என் மாமியாரிடம் நேருக்கு நேராகச் சொன்னாள்.

என் மாமியார் பாப்பாயி அத்தையும் புருஷனை இழந்தவர்தான். வெள்ளைச் சீலையை ஒருநாளும் மாற்றாதவர். அவர் கோபப்படவில்லை. பாவம், இவளுக்குத் தெரியவில்லையே என்பதுபோலப் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. நானும் உங்களாட்டத்தான். அவிங்கப்பன் போயி பதினாறு வருசமாச்சு. ஒரு தீவாளிக்கும் எம்பையன் தலைய நான் தொட்டதில்லீங்க. பக்கத்தூட்டு அம்மணியக் கூப்ட்டு எண்ணெய் வெக்கச் சொல்லிப்போட்டு, நான் உள்ள நின்னுக்குவேன். அதனாலதான் அவன் நல்லா இருக்கறான்."

அம்மா முழுசும் கேட்டாள். காப்பியைக் குடித்தாள். பவானிக்கு நீங்களும் கட்டாயம் வரவேண்டும் சம்மந்தி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கு நான் என் வீட்டுக்காரரிடம், நான் பவானிக்குப் போகிறேன், நீங்கள் வருவதும் வராததும் உங்கள் இஷ்டம் என்றேன். கல்யாண மேடையில் வராத தைரியம் அடுப்படியில் வந்தது. தலைத் தீபாவளிக்குப் பெண்டாட்டி தனியாகப் போனால் பல்லடமே சிரிக்கும். அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் வேனைக் கழுவினார். கிளம்புகிற நேரத்தில் அத்தையும் வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். என் பையனுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

விடிய இன்னும் நேரமிருந்தது. பவானியில் அதற்குள் வெடிச்சத்தம் தொடங்கியிருந்தது. காவிரியில் முழுக்குப்போடக் கூடுதுறைக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சத்திரத்து அறையில் அம்மா மணை போட்டாள். எண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் கிண்ணத்தில் எடுத்துவந்தாள். என் வீட்டுக்காரர் பனியனோடு மணையில் உட்கார்ந்தார். அம்மா தரையில் மூன்று சொட்டு வைத்துவிட்டுக் கையை அவர் தலைக்குக் கொண்டுபோனாள்.

"இருங்க சம்மந்தி" என்று அத்தை குறுக்கே வந்து நின்றார். "எனக்கு ஒரே பையனுங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன். அந்தக் கை வேண்டாமுங்க."

நான் பேச வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"உங்களுக்கு ஒரே பையன். எனக்கு ஒரே புள்ளைங்க" என்றாள். "இந்தக் கையால மாப்பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நாளைக்கு எம்புள்ளைதான் என்னையாட்டம் நிக்கோணும். அது எனக்குத் தெரியாதுங்களா? எங்கையில கெடுதல் இருக்குதுன்னு ஒரு சொட்டு நம்பியிருந்தா, நான் வெப்பனாங்க?"

அத்தை குறுக்கே நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. அம்மாவும் நகரவில்லை, கையிலிருந்த எண்ணெய் மணிக்கட்டு வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. அவர் தன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, உட்கார்ந்தபடியே சற்றுத் தள்ளி அத்தையின் மறைப்பிலிருந்து விலகி, எங்கம்மா பக்கம் தலையைக் குனிந்தார். அம்மா எண்ணெயை வைத்தாள். நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் அவசரப்படாமல் தேய்த்தாள். அடுத்து எனக்கு வைத்தாள். என் கல்யாணத்தில் என்னைத் தொடாத கை என் தலையில் அழுந்தியபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார். கோபித்துக்கொண்டு பல்லடத்துக்கே கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிவந்து, மகனைப் பார்த்து, "எந்திரிடா" என்றார். அவர் பதறிப்போய் மணையை விட்டு எழுந்தார். அத்தை அந்த மணையில் உட்கார்ந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையை அவிழ்த்தார்.

"உச்சியில நல்லா அழுத்தித் தேய்ங்க சம்மந்தி" என்றார். "பதினாறு வருசமா யாரும் வெக்கலீங்க."

அதற்குள் எண்ணெய் ஆறிப்போயிருந்தது. அம்மா கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, மறுபடி சூடுபண்ணிக்கொண்டு வரச் சொன்னாள்.