பாட்டின் மறுவரி

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவித்த கடலை வாசனை மூக்கில் ஏறியதும், இன்று சிமெண்டுக்குக் கல் வெட்டும் பெரும்பள்ளமாகிவிட்ட எங்கள் கடலைக் கொல்லைக்குப் போய்விட்டேன். பிடுங்கிய செடியை நடுவில் குவித்துவிட்டு, வேப்பமர நிழலில் அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் ஒரு வரிசையாகவும், எதிரே வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு காலனிப் பெண்கள் ஒரு வரிசையாகவும் உட்கார்ந்து கடலை ஆய்வார்கள். கூடையில் காய் விழும் சடசடப்பும் ஈரமண் வாடையுமாக நீளும் அந்தப் பகல் முழுக்க ஒரே பாட்டு இரண்டு வரிசைக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கும். எங்கள் பக்கம் ஒரு வரி பாடும், அவர்கள் பக்கம் மறுவரி பாடும். நிழல் நகர்ந்தால் எங்கள் வரிசையும் கூடவே நகரும்; அவர்களும் எழுந்து மறுபடி வெயிலில் போய் உட்காருவார்கள். பாட்டு மட்டும் நிற்காது. அம்மா மடியில் கிடந்த எனக்கு அதில் எதுவும் உறுத்தியதில்லை.

கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் கையிலும் கொஞ்சம் போட்ட மகளுக்கு அதைப் பாடிக் காட்டினேன்.

"ஒரே மழையில நனைஞ்ச சனம், ஓரடுப்புல பொங்க வேணும்..."

"நல்லாருக்கும்மா. அடுத்த வரி?"

எங்கள் பக்கத்து வரிகள் அத்தனையும் நாக்கில் நிற்கின்றன. எதிர்ப்பக்கத்துக் குரல்கள்கூடக் காதில் கேட்கின்றன. சொல் ஒன்றும் இல்லை.

"அத அவங்கதான் பாடுவாங்க."

"அவங்கன்னா யாரும்மா? அவங்க பேரு என்ன?"

மென்று தீர்ந்த கடலையையே இன்னும் மென்றுகொண்டிருந்தேன்.