சதுரம் சதுரமாக வந்தவள்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். லிங்கராஜபுரத்தில் டிரேவர் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எழுந்து உள்ளே போய்விடுவான்.

நடந்தது அத்தனையும் நிஜம். அதுவும் பட்டப்பகலில்.

டிரேவருக்குப் படம் போடுகிற வேலை. கையால் அல்ல, கம்ப்யூட்டரில். கம்மனஹள்ளியில் ஓர் இன்டீரியர் ஆபீஸ் அளவுகளை அனுப்பும். சமையலறை, படுக்கையறை எல்லாம் கட்டி முடித்தால் எப்படி இருக்குமோ, அப்படியே போட்டோ மாதிரி செய்து கொடுப்பான். வீட்டிலேயே வேலை. ஆனால் மிஷின் எட்டு வருஷப் பழசு. ஒரு படம் முடிய ராத்திரி முழுக்க ஓடும். காலையில் ஆபீஸிலிருந்து போன் வரும். டைல்ஸ் நிறத்தை மாற்று என்பார்கள். மறுபடியும் ஒரு ராத்திரி.

"இப்பிடியே போனா வேற ஆளத்தான் பாக்கணும், டிரேவர்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார்கள்.

புது மிஷின் வாங்க வழியில்லை. மனைவி ஆஞ்சலா நர்சரி ஸ்கூல் டீச்சர். அவள் சம்பளம் வாடகைக்கே சரியாக இருந்தது. மிஷினுக்குள் படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால் போதும், வேகம் கூடிவிடும் என்று கணக்குப் போட்டான். அதிலும் புதுசு எட்டாத விலை. ஆகவே பழசு. கேபினெட்டுக்குள் எவ்வளவு நீளம் கொள்ளும் என்று ஸ்கேலால் அளந்தான். பவர் சப்ளை தாங்குமா என்று பார்த்துக்கொண்டான். பிறகு பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனான்.

ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெயர் கிரண் என்றான்.

"சக்கத்தா, சூப்பரா ஓடும்ணா. கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

"ஓட்டிக் காட்டு."

"கரன்ட் இல்ல பாருங்க. ஓடலன்னா திருப்பிக் கொண்டாங்க."

கையில் வாங்கியபோது கார்டு சில்லென்று இருந்ததாக டிரேவர் சொல்கிறான். வெளியே நல்ல வெயில்.

ஆனால் ஓடியது. ராத்திரி முழுக்க இழுத்த படம், டீ போட்டுக் குடிப்பதற்குள் முடிந்தது. ஆஞ்சலாவைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். கார்டின் ஃபேன் மட்டும் கொஞ்சம் சத்தம் போட்டது. ஹ்ம்ம்ம்... ஹ்ம்ம்ம்... யாரோ வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது போல.

பழைய ஃபேன். அப்படித்தான் இருக்கும்.

அடுத்த வாரம் மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு வேலை வந்தது. கோவிந்தராஜன் என்று ஒரு பெரியவர், ரிட்டயர்டு ஆசாமி. வீட்டுக் குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார். வெள்ளை டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, பச்சை நிறத்தில் ஒரு சுவர். டிரேவர் எல்லாவற்றையும் வைத்து, வெளிச்சத்தைச் சரிசெய்து, ஓடவிட்டான்.

படம் ஒரேயடியாக வராது. மேல் மூலையிலிருந்து சதுரம் சதுரமாக நிரம்பும். முதலில் கூரை. பிறகு ஷவர். பிறகு பச்சைச் சுவர்.

சுவரில் ஒரு தலை தெரிந்தது.

நரைத்த தலை. பின்பக்கம். ஈரமாக இருந்தது.

டிரேவர் அந்தப் படத்தில் மனிதர்கள் யாரையும் வைக்கவில்லை. பழைய வேலை எதிலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்தான். தேடிப் பார்த்தான். ஃபைலில் எதுவும் இல்லை. மறுபடியும் ஓட்டினான்.

கூரை. ஷவர். பச்சைச் சுவர். இந்த முறை அங்கே தலை இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

கீழ்ச் சதுரங்கள் நிரம்பின... அந்த நரைத்த தலைக்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆபீஸில் அவசரப்படுத்தினார்கள். அவன் செய்தது இதுதான். அந்த உருவத்தின் மேல் டைல்ஸை இழுத்துவிட்டு மறைத்தான். அனுப்பினான். படம் பிரமாதம் என்று பதில் வந்தது. கூடவே, வேறு கோணத்தில் இன்னொன்று வேண்டும் என்றும்.

மூன்றாவது தடவை ஓட்டியபோது மத்தியானம். வெளியே மழை. ஆஞ்சலா அப்போதுதான் ஸ்கூலிலிருந்து வந்து, குடையை விரித்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

ஹ்ம்ம்ம்... ஹ்ம்ம்ம்...

ஒரு சதுரம். கால் விரல்கள்.

இன்னொரு சதுரம். புடவை. நனைந்து ஒட்டிக்கிடந்தது.

இன்னொன்று. வலது கை. மேலே தூக்கியிருந்தது. விரல்கள் இறுக மூடியிருந்தன... எதையோ பிடித்திருப்பது போல. கைக்குள் எதுவும் இல்லை.

கடைசியாக முகம்.

வாய் திறந்திருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. நிழல் தப்பாக விழுந்திருக்கிறது என்று அவன் நினைத்தான். கண் அவனையே பார்த்தது.

"யாரு இது?" ஆஞ்சலா பின்னால் நின்றிருந்தாள்.

"தெரியல."

"நீ வெச்சியா?"

"இல்ல."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அந்த வீட்டுக்குப் போலாம், டிரேவர். இப்பவே."

போனார்கள். எட்டாவது கிராஸ் பக்கம் பழைய வீடு. கதவைத் திறந்தது பெரியவரின் மனைவி, அம்புஜம். டிரேவர் அந்த அம்மாளை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அதே முகம்.

"வாங்கோ, வாங்கோ. மழையில நனைஞ்சுண்டு வந்திருக்கேளே! காபி கலக்கறேன்" என்று சிரித்தாள் அந்த அம்மாள், குளியலறைப் படம் போடுகிறவன் என்று டிரேவர் சொன்னதும்.

என்னவென்று சொல்வது? உங்களைச் செத்த மாதிரி படத்தில் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? பழைய குளியலறையை எட்டிப் பார்த்தான். மங்கிய சிவப்புத் தரை, ஒரு பித்தளை அண்டா. படத்தில் இருந்த இடம் உலகத்தில் இன்னும் கட்டப்படவே இல்லை. டிரேவருக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆஞ்சலாதான் வாயைத் திறந்தாள். "ஆன்ட்டி, வழுக்குற தரை. வயசானவங்க இருக்கீங்க. பிடிச்சுக்க ஒரு கம்பி வெச்சா சேஃப்டி."

மூடியிருந்த அந்தக் கை அவள் மனதில் இருந்தது. பிடிக்க ஏதாவது கேட்கிறது என்றுதான் அவள் புரிந்துகொண்டிருந்தாள்.

அம்புஜத்தின் கண் கலங்கிவிட்டது. கூடத்தில் இருந்த பெரியவர் பக்கம் திரும்பினாள். "பார்த்தேளா, நம்ம பிள்ளைக்குக்கூடத் தோணல இது. எங்க வைக்கணும்னு நீயே சொல்லும்மா" என்றாள்.

கை தூக்கியிருந்த அதே இடத்தை ஆஞ்சலா காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் டிரேவர் படத்தில் கம்பியை வைத்து ஓட்டினான். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கூரை. ஷவர். சுவர். கம்பி. தரை...

வெறும் தரை. யாரும் இல்லை.

ஆஞ்சலா அழுதேவிட்டாள். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்று சாயங்காலம் சர்ச்சில் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் எதுவும் வரவில்லை. ஃபேன் சத்தம்கூட நின்றுவிட்டது.

குளியலறையைக் கட்டி முடித்தார்கள். அம்புஜம் போன் செய்து, "படத்தை அப்படியே பிச்சு வெச்ச மாதிரி பளபளன்னு இருக்கு. உங்க கம்பிதான் எனக்குத் துணை" என்றாள்.

பத்து நாள் கழித்து ஆபீஸிலிருந்து செய்தி வந்தது.

டிரேவரும் ஆஞ்சலாவும் போனபோது கோவிந்தராஜன் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வழுக்கி உக்காந்துட்டா. அடி ஒண்ணும் இல்ல. வந்து தூக்கி விடுங்கோன்னு கூப்பிட்டா. எனக்கு முட்டி வலி. பேப்பர் பார்த்துண்டிருந்தேன். அதான் கம்பி இருக்கே, பிடிச்சுண்டு எழுந்திருன்னு இங்கிருந்தே சொன்னேன்."

பக்கத்தில் கிடந்த பேப்பரைத் தள்ளி வைத்தார்.

"பிடிச்சா. கம்பியைச் சுவர் வரைக்கும் இறக்காம, வெறும் டைல்ஸ்லதான் முடுக்கியிருக்கான் அந்தக் கொத்தன், படுபாவி. கம்பி, டைல்ஸ், காரை எல்லாம் சேர்ந்து பேர்த்துண்டு... தலை மேலேயே..."

தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். விரல்களை இறுக மூடினார்.

"இப்படியே கிடந்தா. கம்பி கையிலேயே இருந்தது. விரலைப் பிரிக்கவே முடியல."

டிரேவர் ஆஞ்சலாவைப் பார்த்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் அவளிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அந்தக் கம்பி இல்லாவிட்டால்? அவர் எழுந்து போய்த் தூக்கியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் டிரேவர் மிஷினைத் திறந்தான். கார்டைப் பிடுங்கினான். உடைத்துப் போட நினைத்தவன், என்ன தோன்றியதோ, இரண்டு தெரு தள்ளி ரிப்பேர் கடை வைத்திருக்கும் முனிகிருஷ்ணனிடம் கொண்டுபோனான்.

"இதுக்குள்ள என்னா இருக்குன்னு பாருங்க."

முனிகிருஷ்ணன் ஃபேனைக் கழற்றினார். மேலே மூடியிருந்த அலுமினியக் கட்டியைக் கழற்றினார். விளக்கைக் கிட்டே இழுத்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"எங்க வாங்கினீங்க? நல்லா ஏமாத்தியிருக்கான்."

"ஏன்?"

"சிப்பே இல்ல. படம் போடுறதே அந்தச் சிப்புதான். கழட்டி வித்துட்டு, வெறும் பலகைய மூடிக் குடுத்திருக்கான். அந்த எடம் பூரா தூசி பாருங்க, எப்பிடிப் படிஞ்சிருக்கு. எடுத்து வருஷக்கணக்கு ஆயிருக்கும். இது ஒரு நிமிஷம்கூட ஓடாது."

"ரெண்டு மாசமா ஓடிச்சு."

"சான்ஸே இல்ல. உங்க மதர்போர்டுல இருந்தே படம் வந்திருக்கும்."

"என் போர்டுல டிஸ்ப்ளேயே கெடையாதுங்க, மானிட்டர் செருக எடமே இல்ல."

முனிகிருஷ்ணன் அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"அப்போ மானிட்டர் ஒயர எதுல செருகியிருந்தீங்க?"

டிரேவர் மேஜை மேல் கிடந்த வெறும் பலகையைக் காட்டினான்.