மூன்று மடங்கு வேகம்

இணையக் கம்பெனியிலிருந்து போன் செய்த பெண் இனிமையாகத்தான் பேசினாள். இப்போது இருப்பதைவிட மூன்று மடங்கு வேகம், புது மோடம், இரண்டு வருட ஒப்பந்தம். நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஆனால் மகளுக்குத் தாதியர் கல்லூரி நேர்முகத் தேர்வு அடுத்த வாரம் வீடியோவில் நடக்கவிருந்தது. எங்கள் வீட்டிலோ மதியத்துக்கு மேல் படம் அப்படியே நின்றுவிடும்.

பக்கத்து ஊரான ரிங்லெட்டிலிருந்து டெக்னீஷியன் ஒருவரைக் கூப்பிட்டேன், வந்து பார்த்தார். தன் போனில் எதையோ தட்டிவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று பேர் என்றேன்.

“உங்க வைஃபைல பத்தொம்பது போன் ஏறியிருக்குக்கா. வேகம் போதும், ஆளுதான் ஜாஸ்தி. பாஸ்வேர்ட மாத்துங்க, சரியாயிரும் லா. இதுக்குப் போயி ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடாதீங்க.”

அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரே வரிசையாக ஆறு வீடுகள். மலை மறைப்பதால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. தார் ரோடு வரை ஏறிப் போகவேண்டும். தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தபோது எங்கள் வீட்டில் மட்டும்தான் வைஃபை இருந்தது. ஒரு வீட்டுக் குழம்பு ஆறு வீட்டுக்கும் போகிற இடத்தில் இதை மட்டும் பூட்டி வைக்க முடியுமா? என் வீட்டுக்காரர் பாஸ்வேர்டைப் பொதுக் குழாய்க்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதிப் போட்டார். மழையில் அழியும்போதெல்லாம் யாராவது மறுபடி எழுதிவிடுவார்கள்.

தேர்வு நாள் காலையில் பாஸ்வேர்டை மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முகம் சுளிப்பார்களோ என்று பயம். சாயங்காலம் பழையபடி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

மூன்று மணிக்கு மகள் தடங்கலே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்காரியிடம் ஏமாறாமல் தப்பித்தேன் என்று எனக்கு என்மேலேயே ஒரு மெச்சல். அப்போதுதான் நாலாம் வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். அவள் கணவர் பத்து நாளாகக் கீழே டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் அந்த நேரத்துக்குத்தான் ஒரு நர்ஸ் போனைப் பிடித்து அவர் முகத்தைக் காட்டுவாள்.

“அக்கா, வைஃபை இல்லயா?”

“எங்களுக்கும் இல்ல லா. கம்பெனில ஏதோ கோளாறாம்,” என்றேன்.

அவள் ரோடு வரை ஏறிப் போவதற்குள் அந்த நர்ஸ் வேலை முடிந்து போய்விட்டாளாம். மறுநாள் காலை அவர் இறந்துவிட்டார்.

அடுத்த வாரமே மூன்று மடங்கு வேகத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். தேவையில்லை என்று தெரிந்தேதான் போட்டேன். பழைய பாஸ்வேர்டையே வைத்து, சுவரில் நானே பெரிதாக எழுதினேன். அதனாலும் என் மனசு ஆறவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாமென்று அவள் வீட்டுக்குப் போனேன். பாதிகூடச் சொல்லியிருக்கமாட்டேன்.

“தெரியும்கா. பாப்பா உள்ள பேசுனது கேட்டுச்சு,” என்றாள். பிறகு, “பாப்பாவுக்கு எடம் கெடச்சிருச்சா?” என்று கேட்டாள்.

கிடைத்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.