தன் படையை மெச்சிய லிஃப்ட் மெக்கானிக்

ஆயிரத்து நூற்று நாற்பது. ரத்தப் பரிசோதனைத் தாளில், நாற்பதைத் தாண்டக் கூடாத இடத்தில் அச்சாகியிருந்த எண் அது. கல்லீரல் செல்கள் உடையும்போது ரத்தத்தில் கசியும் ஒரு நொதியின் அளவு. தாளுக்குச் சொந்தக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "மெஷின் ரிப்பேரா?"

வயது ஐம்பத்தொன்று, தொழில் லிஃப்ட் மெக்கானிக். பணிமனையில் அவருக்குப் பெயர் 'தும்மாதவர்'. பக்கத்தில் யாராவது மூக்கை உறிஞ்சினால் போதும், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எதிர்ப்பு சக்தி பற்றிப் பிரசங்கம் தொடங்கிவிடுவார். அவர் லீவு போட்டதில்லை, மாத்திரை தொட்டதில்லை, காய்ச்சல் அவரைக் கண்டால் தெரு மாறிப் போய்விடும். கேட்பவர்கள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு தலையாட்டுவார்கள். தெரியாத விஷயத்தைச் சத்தமாகச் சொன்னால் தெரிந்ததாகிவிடும் என்று நம்புகிற ரகம்.

கண் மஞ்சளானபோது வெயில் என்றார். சிறுநீர் தேநீர் நிறத்துக்கு வந்தபோது தண்ணீர் போதவில்லை என்றார். "அளந்தது போதும், சட்டையப் போடுங்க" என்று மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

கல்லீரலில் ஊசி விட்டு, நூல் பருமனில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். அது போய்ச் சேர்ந்த ஆய்வகத்தில் அவருடைய தங்கைக்கு வேலை. அங்கே வரும் துணுக்குகளை மெழுகில் பதித்து, தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்பார். உறவினரின் துணுக்கைத் தொடக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் அண்ணனுடையதை வேறொருவர் சீவினார். அறிக்கை வந்த பிறகு மருத்துவரிடம் அனுமதி வாங்கி, தங்கை அண்ணனை நுண்ணோக்கி முன் உட்கார வைத்தார்.

சாயம் ஏற்றிய தகட்டில், ரோஜா நிறத்தில் வரிசை வரிசையாகக் கல்லீரல் செல்கள். அவற்றுக்கு நடுவே நீலப் புள்ளிகள், பஸ் நிலையக் கூட்டம்போல.

"இந்த நீலமெல்லாம் கிருமியா? மொய்ச்சுக் கிடக்கு!"

"கிருமி இல்ல அண்ணா. உன்னோட எதிர்ப்பு செல்லு."

தும்மாதவர் நிமிர்ந்து காலரைச் சரிசெய்துகொண்டார். "பாத்தியா! எத்தன பேரு! சும்மாவா எனக்குத் தும்மல் வர்றதில்ல?"

"யார அடிக்கிறாங்கன்னு கேளு."

"யார?"

"உன்னத்தான்."

விஷயம் இதுதான். குடல் உறிஞ்சுவதில் பெரும்பகுதி முதலில் கல்லீரலுக்குத்தான் வருகிறது. சோற்றோடு சேர்ந்து செத்த கிருமிகளின் துண்டுகளும் வரும். அங்கே இருக்கும் காவல் செல்கள் ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியை உருவினால், ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடக் கல்லீரல் தாங்காது. அதனால் அவை பெரும்பாலும் கண்டும் காணாமல் இருக்கின்றன. கல்லீரல் செல்களும் அவற்றைத் தட்டிக்கொடுத்து அடக்கிவைக்கின்றன. இவர் உடம்பில் அந்த உடன்பாடு முறிந்துவிட்டது. காவலர்கள் எல்லை வரிசையைத் தாண்டி உள்ளே புகுந்து வீட்டுக்காரரையே வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் முறிந்தது என்று மருத்துவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. தும்மாதவருக்குத் தெரிந்திருந்தது. "உள்ள எங்கயோ கிருமி ஒளிஞ்சிருக்கு. அதத்தான் தேடுறாங்க."

காவலர்களை அடக்க மருத்துவர் மாத்திரை எழுதினார். அடங்கினால் கல்லீரல் தானே தேறும். அடங்காவிட்டால் தழும்பு விழும், தழும்பு முற்றினால் வேறொருவர் கல்லீரல்தான் வழி என்று இரண்டு முறை சொன்னார்.

மாத்திரைத் தாளில் 'நோய் எதிர்ப்பைக் குறைக்கும்' என்ற வரியைப் படித்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராதபடி ஒரு சுவிட்ச் உண்டு. சோம்பேறி மெக்கானிக்குகள் அதைக் கம்பி போட்டு இணைத்துவிட்டுத் திறந்த கதவோடு ஓட்டுவார்கள். அப்படிச் செய்த இரண்டு பேரை வேலையிலிருந்து தூக்கவைத்தவர் இவர். அவர் கணக்கில் மருத்துவர் மூன்றாவது ஆள். பாதுகாப்பைக் கழற்றச் சொல்கிறாரே!

மனைவியின் மிரட்டலுக்குப் பயந்து விழுங்கியதில், மூன்றாம் மாதம் எண் அறுபதுக்கு இறங்கியது. "என் உடம்பே சரிபண்ணிக்கிச்சு" என்று பணிமனைக்கே டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து மாத்திரையைப் பாதியாக்கினார், பிறகு காலாக்கினார். மிச்சம் லிஃப்ட் குழிக்குள் போனது. ஈரச் சாக்கு நாற்றம் அடிக்கும் 'எதிர்ப்பு சக்திப் பொடி' ஒன்று அவர் வயிற்றுக்குள் போனது. வயர் கட்டரின் வாயில் வெள்ளைத் தூள் ஒட்டியிருப்பதை மனைவி பார்த்து, நேரே நாத்தனாருக்குப் போன் போட்டார்.

தங்கை வந்து கதவைக்கூடச் சாத்தவில்லை.

"கெட்டுப்போன சுவிட்ச் ஆள நசுக்குதுன்னா நீ என்ன பண்ணுவ?"

"மாத்துவேன்."

"இத மாத்த முடியாது. அடக்கத்தான் முடியும்."

"நீ மெழுகு சீவுறவ. உனக்கு லிஃப்ட் தெரியாது."

"உனக்கு ஈரல் தெரியாது. ஆனா நான் லிஃப்ட்டப் பத்திப் பேசுறதில்லயே!"

மனைவி சமையலறையில் சிரிப்பை அடக்கவே இல்லை.

எண் மறுபடி எண்ணூறைத் தாண்டியது. இரண்டாவது துணுக்கில் நீலக் கூட்டம் திரும்பியிருந்தது. இந்தத் தடவை அதைச் சுற்றித் தழும்பு நார்களும் பட்டைபட்டையாக இருந்தன. மருத்துவர் வேறு கல்லீரல் பற்றி மூன்றாம் முறை பேசியபோதும் மனிதர் சளைக்கவில்லை.

"வேற ஈரல் வச்சாலும் என் ஆளுங்க விடமாட்டாங்க டாக்டர்."

"விடமாட்டாங்க," என்றார் மருத்துவர். "அதனால அதுக்கும் இதே மாதிரி மாத்திரைதான். அதுவும் சாகுற வரைக்கும்."

தும்மாதவர் மாத்திரைச் சீட்டை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவி அருகிலிருந்து அதை மிக நிதானமாக ரசித்தார்.

திங்கட்கிழமை முதல் முழு அளவு மாத்திரை. காலை ஆறே முக்காலுக்கு அவர் விழுங்கியதும், நாக்கைத் தூக்கச் சொல்லி மனைவி டார்ச் அடித்துப் பார்ப்பார். இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள்.